பழைய ஸ்பீக்கரில் பேஸ் இல்லையா? ஃபோம், ஊஃபர், சப்ஊஃபர்: எதற்குக் காசு போடலாம்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்து மாட்டினால் பாட்டு தெளிவாகத்தான் கேட்கிறது. வயலின் இருக்கிறது, குரல் இருக்கிறது, மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் தனித்தனியாக விழுகின்றன. தொப்பி, அதாவது அதன் இடது பக்கத்தின் கனமான ஒலி, மட்டும் இல்லை. தவில் தகர டப்பா தட்டுவதுபோல ஒலிக்கிறது, உறுமியின் இழுப்பு காணவே காணோம். யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள்: கோனைச் சுற்றியுள்ள ஃபோமை மாற்று, கோன் மாற்று, வேறு ஊஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர்) போடு, கண்டன்சர் (கெப்பாசிட்டர்) மாற்று, சப்ஊஃபர் வாங்கு, வந்த விலைக்குத் தள்ளிவிடு. ஆறும் ஏதோ ஒரு பெட்டிக்குச் சரியான யோசனைகள்தான். உங்கள் பெட்டிக்கு எது என்பதைக் காசு செலவில்லாத ஒரு சோதனை காட்டிவிடும். அதை முடிக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஆம்ப்போடு சேர்த்து, 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை வையுங்கள். வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். தொடர்ச்சியான டோன், கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சீக்கிரம் சூடாக்கும். முன்துணியைக் கழற்றிவிட்டு ஊஃபரின் கோனில் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பில்) விரல்நுனியைப் பட்டும் படாமலும் வையுங்கள். கோன் ஆடவே இல்லை என்றால் மின்சாரம் அதுவரை வந்து சேரவில்லை, அல்லது வாய்ஸ் காயில் சிக்கிக் கிடக்கிறது. நன்றாக ஆடுகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், கோன் தள்ளும் காற்று வெளியே வருவதற்குள்ளோ, அறைக்குள்ளோ ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது. இரண்டும் வேறு நோய், வேறு மருந்து. இதைப் பிரிக்காமல் பழுதுபார்க்கக் கொடுப்பதால்தான் பாதிப் பேருக்குக் காசும் போய், பேஸும் வராமல் போகிறது.

கோன் ஆடவில்லை என்றால்

பெட்டியின் பின்னால் நான்கு டெர்மினல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மேல் ஜோடி உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி ஊஃபருக்கு. இரண்டையும் சேர்க்கும் சின்னப் பித்தளைத் தகடுகள் நாலு கை மாறுவதற்குள் தொலைந்திருக்கும். அது தெரியாமல் மேல் ஜோடியில் மட்டும் ஒயர் மாட்டினால் ஊஃபருக்கு ஒன்றுமே போகாது. அரை அடி தாமிர ஒயரை வெட்டி, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்தால் வேலை முடிந்தது.

அடுத்தது ஹோம் தியேட்டர் ரிசீவர். அதன் மெனுவில் ஸ்பீக்கர் 'ஸ்மால்' என்றும் சப்ஊஃபர் 'யெஸ்' என்றும் இருந்தால், சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் அது வீட்டில் இல்லாத சப்ஊஃபருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 'லார்ஜ்', 'நோ' என்று மாற்றுங்கள்.

அதன்பின் மல்டிமீட்டர். ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு டெர்மினலில் ஓம் அளவு பாருங்கள். 8 ஓம் என்று போட்ட பெட்டி 5.5 முதல் 7.5 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3.2 முதல் 4 வரை. ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் நிற்பதால் மீட்டருக்குத் தெரிவது ஊஃபரும், கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட்டில்) அதன் தொடரில் உள்ள காயிலும் மட்டும்தான். மீட்டர் அசையவே இல்லை என்றால் வாய்ஸ் காயில் அறுந்திருக்கும், அல்லது கிராஸ்ஓவர் போர்டில் அந்தக் காயிலின் கால் சால்டர் விட்டிருக்கும். பெரிய காயில் கனமானது. பஸ்ஸிலும் மினி லாரியிலும் குலுங்கி வந்த பெட்டியில் முதலில் விடுவது அந்த சால்டர்தான். ஊஃபரைக் கழற்றி அதன் காலிலேயே நேராக அளந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இடது, வலது ஸ்பீக்கர்களை ஆம்ப்பில் இடம் மாற்றியும் பாருங்கள். பேஸ் இல்லாத பக்கம் ஸ்பீக்கரோடு நகர்ந்தால் பிழை ஸ்பீக்கரில். நகராமல் அதே சேனலில் நின்றால் பிழை ஆம்ப்பில். சிங்கிள் சப்ளையில் ஓடும் பழைய ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 2200 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். 8 ஓம் ஸ்பீக்கரோடு அது 9 ஹெர்ட்ஸ் வரை விடும். உள்ளே காய்ந்து 220 மைக்ரோஃபாரடாகச் சுருங்கினால் 90 ஹெர்ட்ஸிலேயே குறைக்கத் தொடங்கிவிடும். குரல் கெடாது, பேஸ் மட்டும் போகும். கண்டன்சர் மாற்றினால் பேஸ் வரும் என்ற பேச்சு உண்மையாவது இங்கேதான், ஆம்ப்புக்குள்.

ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில் அது அநேகமாக உண்மையில்லை. அங்கே உள்ள கெப்பாசிட்டர்களில் ட்வீட்டரின் தொடரில் நிற்பது வயதானால் உச்ச ஒலி மங்கும், அவ்வளவுதான். ஊஃபருக்குக் குறுக்காக நிற்பது ஷார்ட் ஆனால் மட்டுமே பேஸ் போகும். அப்போது நடுஒலியும் சேர்ந்தே போய்விடும், ஆம்ப்பும் திணறும். பேஸுக்காக கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர்களை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கோன் ஆடியும் சத்தம் இல்லை என்றால்

இங்கே முதல் சந்தேகம் ஃபேஸ். இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு ப்ளஸ், மைனஸ் மாறியிருந்தால், ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். உச்ச ஒலியில் பெரிய வித்தியாசம் தெரியாது, பேஸ் மட்டும் காணாமல் போகும். இரண்டு பெட்டிகளையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து, மோனோவில் ஒரு பாட்டைப் போட்டு, ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். எந்த இணைப்பில் பேஸ் கனமாக வருகிறதோ அதுதான் சரி. இன்னும் துல்லியமாகப் பார்க்க, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் ப்ளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் போதும். கோன் வெளியே வர வேண்டும். சில பழைய ஜேபிஎல் பெட்டிகளில் இது தலைகீழாக இருக்கும். அங்கே இரண்டும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். முன்பு யாரோ திறந்து வேலை பார்த்த பெட்டி என்றால், உள்ளேயே ஒயர் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது காற்றுக் கசிவு. கோனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சந்திக்க வழி கிடைத்தால் பேஸ் அங்கேயே செத்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், 50 ஹெர்ட்ஸ் ஓடட்டும், ஒரு ஊதுபத்தியைப் பற்றவைத்து ஊஃபரின் விளிம்பு, டெர்மினல் தட்டு, பெட்டியின் மூலைகள் என்று மெதுவாகக் கொண்டுபோங்கள். கசிவுள்ள இடத்தில் புகை நேராக ஏறாமல் நடுங்கும். நெருப்பு முனை ஃபோம் ஓரத்திலும் முன்துணியிலும் படாத தூரத்திலேயே இருக்கட்டும். துளை இல்லாத மூடிய பெட்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. கோனை இரண்டு பக்கமும் சமமாக விரலால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். மெதுவாக, இழுத்துக்கொண்டு திரும்பினால் பெட்டி இறுக்கம். டக்கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. போர்ட், அதாவது காற்று வந்துபோகும் குழாய்த் துளை, உள்ள பெட்டியில் இது பலிக்காது.

போர்ட் இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மாடியில் வருஷக்கணக்கில் கிடந்த பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி பஞ்சைப் பிய்த்து வழியை அடைத்திருக்கும். பஞ்சு போயிருந்தால் மெத்தைக் கடையில் பாலியஸ்டர் பஞ்சு வாங்கித் தளர்வாகப் பரப்புங்கள். போர்ட்டின் வாயை மட்டும் மூடிவிடாதீர்கள். இலவம் பஞ்சு நாளாக ஆகக் கட்டிதட்டும், தூளும் கொட்டும். ஸ்பீக்கருக்கு அது வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் அறையைக் கவனியுங்கள். பின்சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி வைத்த ஊஃபரின் ஒலி சுவரில் மோதித் திரும்பி, 97 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நேர் ஒலியை அழிக்கும். வெயில் காலத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதை, சுவருக்கு உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் பள்ளம் விழும் இடம் கிடைக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு நகர்த்தினால் பள்ளம் 290 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், பேஸ் தப்பிக்கும். உட்காரும் இடமும் அதேபோல முக்கியம். 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் சரியாக நடுவில், அதாவது 6 அடியில், இல்லாமலே போகும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 4 அடியில் போட்டாலே வித்தியாசம் தெரியும். 10க்கு 10 சதுர அறை இன்னும் மோசம். நீளம், அகலம் இரண்டிலும் அதே 57 ஹெர்ட்ஸ் நடுவில் செத்துப்போகும். மாடியில் ஷீட் போட்ட அறையில் பேஸ் கூரை வழியாகப் பாதி வெளியே போய்விடுகிறது. அதே பெட்டியைக் கீழே கான்கிரீட் அறையில் வைத்துக் கேட்காமல் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

இனி காசு: எது எப்போது

மேலே சொன்னது எதிலும் பேஸ் வரவில்லை என்றால் ஊஃபரின் ஓரத்தை நெருக்கத்தில் பாருங்கள். கோனையும் இரும்புச் சட்டத்தையும் சேர்க்கும் வளையம்தான் சரவுண்ட். அது ஃபோமாக இருந்து, வெளியில் கறுப்பாக நன்றாகத் தெரிந்தாலும், நகத்தால் லேசாகத் தொட்டதும் ஈரக் கரித்தூள்போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால், கதை முடிந்தது. இந்த பாலியூரிதேன் ஃபோமைக் காற்றின் ஈரமும் வெயிலும் சேர்ந்து அரிக்கும். 15, 20 வருஷத்தில் அது பொடியாவது இயற்கை, யாரும் கெடுத்ததில்லை. வேலூர் வெயிலில் ஜன்னலோரம் நின்ற பெட்டிக்கு இன்னும் முன்னாடியே நேரும். இங்கே ஃபோம் வளையம் மாற்றுவதுதான் சரியான வைத்தியம். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் செலவு குறைவு, பலன் முழுமை. கோன், காயில், காந்தம் எல்லாம் அந்தப் பெட்டிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்தவை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அழிந்த ஒரு வளையத்தை மட்டும் மாற்றுகிறோம்.

ஃபோமுக்குப் பதில் தோல் போடலாமா என்ற கேள்வி இந்தப் பக்கம் வராமல் இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். மெல்லிய ஆட்டுத்தோலும், செருப்புக்குப் போடும் பசையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பழைய ஸ்பீக்கர்கள் சிலவற்றில் தோல் சரவுண்ட் இருந்ததும் உண்மை. ஆனால் தட்டையாக வெட்டிய தோல் வளையத்தில் ஃபோமில் உள்ள அரைவட்ட மடிப்பு இல்லை. கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்ததுமே இழுத்துப் பிடித்துவிடும். நகர்ந்தால்தானே பேஸ்? பேஸுக்காகத் தோல் ஒட்ட வேண்டாம்.

காயில் அறுந்திருந்தால், அல்லது கோனை அழுத்தும்போது உள்ளே மணல் அரைப்பதுபோல உரசினால், ஃபோம் மட்டும் போதாது. ரீகோனிங் செய்ய வேண்டும்: கோன், காயில், அதை நடுவில் பிடித்திருக்கும் நெளிவுத் துணியான ஸ்பைடர் மூன்றும் புதிது. இதில்தான் ஏமாற்றம் அதிகம். ரீகோனிங் பட்டறைகளுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு திருவிழா, கல்யாண மண்டபம், பொதுக்கூட்டப் பெட்டிகள். அதற்குரிய தடித்த காகிதக் கோனும் விறைப்பான துணி ஓரமும்தான் கையிருப்பில் இருக்கும். அதைப் போட்டால் ஊஃபர் உயிர்பெறும், சத்தமும் கூடும், ஆனால் அதன் ஒத்ததிர்வு 30 ஹெர்ட்ஸில் இருந்தது 60க்கு ஏறிவிடும். பேஸ் கேட்டுப் போனவருக்கு சத்தம் கொடுத்து அனுப்பியதுபோல ஆகிவிடும். ஒரிஜினலோடு ஒத்துப்போகும் கிட் கையில் இருந்தால் மட்டும் ரீகோனிங் செய்யலாம்.

வேறு ஊஃபர் வாங்கிப் போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான். 8 இஞ்ச் என்பது வெளி அளவு மட்டும். பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டின் நீளமும் ஒரு குறிப்பிட்ட ஊஃபரின் எஃப்எஸ் (ஒத்ததிர்வு), க்யூடிஎஸ் (அதிர்வு அடங்கும் விதம்), விஏஎஸ் (கோனின் தொங்கலுக்கு ஈடான காற்றின் கொள்ளளவு) என்ற மூன்று எண்களுக்காகப் போட்ட கணக்கு. தீல், ஸ்மால் இருவரும் வகுத்த இந்த எண்கள் எழுதித் தராத ஊஃபரை ஹை-ஃபை பெட்டிக்கு வாங்காதீர்கள். சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட பவருக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) 95 டெசிபல் என்று பெருமையாகச் சொல்வதும் பேஸுக்கு உத்தரவாதம் அல்ல. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி: இந்த மூன்றில் இரண்டுதான் ஒரு சேரக் கிடைக்கும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்பது அதுதான்.

வாங்கிய ஜோடியிலேயே முந்தைய உரிமையாளர் ஊஃபரை மாற்றிவிட்டாரா என்று சந்தேகம் வந்தால் எஃப்எஸ்ஸை வீட்டிலேயே அளக்கலாம். ஊஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஆம்ப்பின் அவுட்புட்டில் தொடராக 100 ஓம் ரெசிஸ்டரும் அதன்பின் ஊஃபரும் வரட்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஊஃபரின் கால்களில் பிடித்துக்கொண்டு 20 ஹெர்ட்ஸிலிருந்து 150 வரை மெல்ல ஏற்றுங்கள். வோல்டேஜ் எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் எஃப்எஸ். 8 இஞ்ச் ஹை-ஃபை ஊஃபரில் 25 முதல் 45 வரை இருக்கலாம். 70, 80 என்று வந்தால் அது மேடைக்கான ஊஃபர், எந்தப் பஞ்சும் எந்த ஒயரும் அதைக் கீழே இறக்காது. இடதும் வலதும் வெகுதூரம் விலகி நின்றாலும் அவை ஜோடி அல்ல.

சப்ஊஃபர் எப்போது? ஸ்பீக்கர் முழு ஆரோக்கியமாக இருந்து, பெட்டிதான் சிறியது என்னும்போது. ஐந்தே கால் இஞ்ச் ஊஃபரிடம் 40 ஹெர்ட்ஸ் கேட்பது நியாயமில்லை. அதே சத்தத்தில் ஒரு ஆக்டேவ் (பாதி ஹெர்ட்ஸ்) கீழே இறங்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு 8 அல்லது 10 இஞ்ச், சொந்த ஆம்ப் உள்ள சப்ஊஃபர் வேண்டும். உங்கள் ஆம்ப்பில் சப் அவுட் இல்லை என்றால் ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கிக்கொள்ளும் ஹை-லெவல் இன்புட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்ஊஃபரை வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாக நடந்து குனிந்து கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்ஊஃபரை வையுங்கள். சப்ஊஃபரின் கிராஸ்ஓவர் குமிழ் 60க்கும் 80 ஹெர்ட்ஸுக்கும் நடுவில், ஃபேஸ் சுவிட்ச் 0, 180 இரண்டிலும் கேட்டு எது கனமோ அதில் விடுங்கள். ஆனால் ஃபோம் கிழிந்த ஸ்பீக்கருக்குத் துணையாக சப்ஊஃபர் வாங்குவது வீண். 80க்கு மேல் 200 வரை தொப்பியின் உடம்பு இருக்கும் பகுதி அப்போதும் ஓட்டையாகவே நிற்கும். செலவிலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை: வளையம் நூறுகளில், நல்ல சப்ஊஃபர் பல ஆயிரங்களில்.

தள்ளிவிட வேண்டியவை மூன்று. காந்தம் நகர்ந்து காயில் அசையாமல் பூட்டிக்கொண்ட ஊஃபர், தண்ணீர் குடித்து அடிப்பலகை ஊதிய பெட்டி, இரண்டு ஊஃபரும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கும் ஜோடி. இவற்றுக்குப் போடும் காசில் நல்ல ஜோடியே வாங்கலாம்.

ஃபோம் மாற்றுவது என்று முடிவானால்

வளையம் ஆர்டர் செய்யுமுன் நான்கு விட்டங்களை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்: சட்டத்தில் ஃபோம் உட்காரும் இடத்தின் வெளிவிட்டம், மடிப்பின் வெளிவிட்டம், உள்விட்டம், கோனின் விளிம்பு. 8 இஞ்ச் என்று மட்டும் சொன்னால் பொருந்தாத வளையம்தான் வரும். ஆன்லைனிலும் கிடைக்கும். நேரில் பார்த்து வாங்க வேண்டுமென்றால் ஊஃபரையே எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வரலாம், சென்ட்ரல் வரை சுமார் 130 கிலோமீட்டர். ஒன்றுதான் கிழிந்திருந்தாலும் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். புதிய ஃபோமும் பழைய ஃபோமும் ஒரேமாதிரி ஆடாது.

கழற்றுமுன் ப்ளஸ் காலில் சிவப்புப் புள்ளி வையுங்கள். ஸ்க்ரூடிரைவர் காந்தத்தின் இழுப்பில் கோனைக் குத்திவிடும், கவனம். பழைய ஃபோமையும் பசையையும் மழுங்கிய பிளேடால் சுரண்டி, மீதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம், உள்ளே காயிலின் பசை வரை இளகிவிடும். காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் கோனில் அது உரிந்துவிடும், ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பசைதான் வேண்டும். செருப்புப் பசை தொட்டதும் பிடித்துக்கொள்வதால் நேர்படுத்த நேரம் தராது.

முதலில் கோனோடு ஒட்டி, அது இறுகும்வரை விடுங்கள். பிறகுதான் சட்டம். சித்திரை, வைகாசியில் ஃபேனுக்கு நேரே வைத்து வேலை செய்தால் பாதி வளையம் ஒட்டுவதற்குள் மீதிப் பசை காய்ந்துவிடும். காலையிலேயே, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். சட்டத்தில் பசை இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஊஃபரை ஆம்ப்போடு சேர்த்து 30 ஹெர்ட்ஸ் டோனை மிக மெல்ல வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சரசரவென்ற உரசல் கேட்டால் கோனை ஒரு மயிரிழை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். உரசல் நின்ற இடத்தில் துணி கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, 24 மணி நேரம் கை வைக்காதீர்கள். மறுநாள் மாட்டும்போது சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் நைந்திருந்தால், கதவு இடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பை வெட்டி வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகு வெறுமனே சுற்றினால், துளைக்குள் பசை தடவிய தீக்குச்சி ஒன்றைச் செருகிவிட்டு முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.